ஜாக் ஹில்ஸ் வைரங்கள்: சிர்கானுக்குள் எப்போது போயின?

2007 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் கிடைத்த, சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளுக்குள் வைரம் இருப்பதாகச் சொன்னது. அந்த மணிகளில் மூத்ததற்கு வயது சுமார் 425 கோடி ஆண்டு. பூமிக்கே 454 கோடிதான் என்பதால், அதுவரை தெரிந்ததிலேயே பழைய வைரம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2014-இல் வேறொரு குழு அந்த ஆய்வில் பயன்பட்ட மணிகளையே வாங்கிப் பார்த்து, உள்ளே இருப்பது பூமி செய்த வைரமே இல்லை, ஆய்வகத்தில் மாதிரியை மெருகேற்றத் தடவிய வைரப் பசையின் துணுக்கு என்று காட்டியது.

இந்த விவகாரத்தை இரண்டு வரியில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்லுக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்று காட்டுவது ஒரு வேலை, அது எப்போது உள்ளே போனது என்று காட்டுவது இன்னொரு வேலை. இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் முதலிலிருந்து முழுசாக எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன வகை

படிகம் வளரும்போது பக்கத்தில் கிடந்த வேறு கனிமம், ஒரு சொட்டு உப்புநீர், கொஞ்சம் வாயு என எதையாவது மூடிக்கொண்டே வளரும். இப்படி உள்ளே மாட்டிக்கொண்டதை உட்பொதிவு என்கிறோம். ரத்தின வியாபாரத்தில் பெரும்பாலும் இன்க்ளூஷன் என்றே சொல்கிறார்கள், வாங்குகிறவர் அதை மாசு, தோஷம் என்பார். நம் பழைய ரத்தினப் பரீட்சையிலும் வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள், ஆக உள்ளே உற்றுப் பார்க்கிற பழக்கம் புதிதல்ல.

ஆய்வாளர்கள் இவற்றைப் பிரிப்பது காலத்தை வைத்து. தாய்க்கல் வளரத் தொடங்கும் முன்பே இருந்தவை, கூடவே வளர்ந்தவை, வளர்ந்து முடித்த பிறகு உண்டானவை என்று மூன்று. கொலம்பியா மரகதத்துக்குள் உப்புநீர், அதில் மிதக்கும் வாயுக்குமிழி, பக்கத்தில் ஒரு குட்டி உப்புப் படிகம் என்று மூன்றும் ஒரே குழிக்குள் இருக்கும். மரகதம் வளர்ந்த திரவத்தின் மிச்சம் அது. இலங்கை நீலக்கல்லில் பட்டு என்று சொல்கிற மெல்லிய ரூட்டைல் ஊசிகள் மூன்றாவது வகை. கல் சூடாக இருந்தபோது அதில் கரைந்திருந்த டைட்டானியம், ஆறும்போது பிரிந்து ஊசியாக நின்றது. கல்லை உலையில் மிக அதிக வெப்பத்துக்குக் கொண்டுபோனால் ஊசிகள் மறுபடி கரைந்துவிடும் என்பதால்தான், பட்டு உடையாமல் முழுசாக இருந்தால் இந்தக் கல் அப்படிச் சூடேற்றப்படவில்லை என்று பரிசோதகர் எழுதிக்கொடுக்கிறார்.

நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: மனிதர் புகுத்தியது. மரகத விரிசலில் ஏற்றும் எண்ணெய், மட்டமான ரூபியின் விரிசல்களில் உருக்கி ஊற்றும் ஈயக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் குமிழிகூட இருக்கும், பழக்கமில்லாத கண்ணுக்கு அது கல்லின் குமிழி மாதிரியே தெரியும். வெல்லப்பாகு கொதிக்கும்போது விழுந்த எள்ளும், அச்சு ஆறி விரிசல் விட்ட பிறகு அதில் ஏறிய தூசியும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிதான். வெட்டிப் பார்த்தால்தான் எது பாகோடு சேர்ந்து இறுகியது என்று தெரியும்.

நிலவியல் முதல் வகுப்பிலேயே ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு பாறைக்குள் இன்னொரு பாறைத் துண்டு இருந்தால், உள்ளே இருப்பதுதான் மூத்தது. விதி சரி, ஆனால் துண்டு முழுசாக மூடப்பட்டிருக்கிறது, போகவர வழியே இல்லை என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஜாக் ஹில்ஸில் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

ஏன் ஜாக் ஹில்ஸ்

பெர்த் நகருக்கு வடக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, வறண்ட நிலத்தில் தாழ்வான குன்றுகள். அங்கே சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் ஆற்றுக் கூழாங்கற்கள் படிந்து இறுகிய ஒரு பாறை இருக்கிறது, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அந்தக் கூழாங்கல் பாறைக்குள் மணல்பொடி அளவில் சிர்கான் கிடக்கிறது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட், இல்மனைட்டோடு சேர்ந்து வருமே, அதே கனிமம்தான், சிர்கோனியம் சிலிகேட். படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஈயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதனால் பின்னாளில் உள்ளே இருக்கும் ஈயம் முழுக்க யுரேனியம் சிதைந்து வந்தது என்று வைத்து வயதைக் கணக்கிட முடிகிறது.

1986-இல் இங்கே 427 கோடி ஆண்டு வயதுள்ள மணிகள் கிடைத்தன. 2001-இல் ஒரு மணியின் ஒரு பகுதிக்கு 440 கோடி என்று வந்தது. பூமியின் முதல் 50 கோடி ஆண்டுக் காலத்திலிருந்து பாறையாக நம்மிடம் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை, இந்த மணிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. மணி எந்தப் பாறையில் பிறந்ததோ அந்தப் பாறை அரைபட்டுப் போய்விட்டது. அது எப்படிப்பட்ட பாறை, எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு என்று கேட்டால் பதில் சொல்ல மணியின் வேதியியலும் அதன் வயிற்றில் இருக்கும் உட்பொதிவுகளும்தான் உண்டு. இவ்வளவு சின்னப் புள்ளிகள் மேல் இவ்வளவு பெரிய கேள்வியை ஏற்றியதற்கு ஆசை மட்டும் காரணம் இல்லை, வேறு சாட்சி கிடையாது.

2007-இல் சொன்னது

மார்ட்டினா மென்னெக்கன் தலைமையில், ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தையும் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த குழு அது. 1000 சிர்கான் மணிகளைப் பார்த்ததில் 45-இல் வைரமோ கிராஃபைட்டோ இரண்டுமோ இருந்தன. லேசர் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியின் மாற்றத்தைப் பார்க்கிற ராமன் முறையில் வைரத்துக்கு அசைக்க முடியாத ஓர் அடையாளக் கோடு உண்டு, அது தெரிந்தது. ஆக அது வைரம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயம் இல்லை, இன்றும் இல்லை.

வைரம் உண்டாக வேண்டுமானால் 100 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழத்தின் அழுத்தம் வேண்டும், அந்த ஆழத்துக்கு வெப்பமும் ஒப்பீட்டளவில் குறைவாக இருக்க வேண்டும். அப்படியானால் 425 கோடி ஆண்டுக்கு முன்பே தடிமனான, குளிர்ந்த கண்ட அடித்தட்டு இருந்திருக்கிறது. எரிமலைக் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்த ஆதிப் பூமி என்கிற படமே மாறிவிடுகிறது. 2008-இல் அதே குழுவினர் அந்த வைரங்களின் கார்பன் ஐசோடோப்பை, அதாவது கனமான கார்பன் அணுவும் இலேசான கார்பன் அணுவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை, அளந்து இன்னொரு கட்டுரை போட்டார்கள். எண் எவ்வளவு கீழே போகிறதோ, கார்பன் அவ்வளவு இலேசு. ஆயிரத்துக்கு −5 முதல் −58 வரை பரவியிருந்தது. இலேசான கார்பன் இவ்வளவு என்றால் உயிரின் தடமாக இருக்குமோ என்ற பேச்சும் கிளம்பியது.

உள்ளே வைரம் இருப்பது மட்டுமே நடக்காத விஷயமும் அல்ல. கசகஸ்தானின் கொக்செத்தாவ் பகுதியில் உருமாறிய பாறைகளின் சிர்கானிலும் கார்னெட்டிலும் நுண்வைரங்கள் இருப்பதை 1990-இல் சொபொலெவும் ஷாட்ஸ்கியும் காட்டியிருந்தார்கள், அது உண்மையான வைரம், இன்று வரை நிற்கிறது. ஆகவே ஜாக் ஹில்ஸ் குழு நம்பியதில் முன்மாதிரி இருந்தது.

ஆனால் இரண்டு விஷயங்கள் அப்போதே நெருடியிருக்க வேண்டும். ஒன்று, வைரம் வந்த மணிகளின் வயது 425 கோடியிலிருந்து 306 கோடி வரை பரவிக் கிடந்தது. கிட்டத்தட்ட 120 கோடி ஆண்டு! அவ்வளவு காலத்தில் வெவ்வேறு நேரத்தில் பிறந்த மணிகளுக்குள் ஒரே மாதிரி வைரம் எப்படி? வைரம் உண்டாகும் நிலைமை பலமுறை திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும், அல்லது பழைய வைரமே மறுபடி மறுபடி புது மணிகளுக்குள் போயிருக்க வேண்டும் என்று கட்டுரையே விளக்கம் சொன்னது. எல்லா மணிகளுக்கும் பொதுவாக நடந்தது ஒன்றுதான் என்று யோசித்தால் ஆய்வக மேசைக்கு வந்து சேரலாம், ஆனால் பின்னால் நின்று பார்க்கிற நமக்கு இது சுலபம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, அதே ஊர் மணிகளில் உள்ள மற்ற உட்பொதிவுகள். குவார்ட்ஸ், மஸ்கோவைட் என்ற வெள்ளை அபிரகம், இவைதான் அதிகம். இவை கிரானைட் சமாச்சாரம், மேலோட்டின் பொருட்கள். 2008-இல் ஹாப்கின்ஸ், ஹாரிசன், மானிங் மூவரும் மஸ்கோவைட்டின் வேதியியலை வைத்துக் கணக்கிட்டபோது சுமார் 700 டிகிரி வெப்பம், 7 கிலோபார் (காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 7,000 மடங்கு) அழுத்தம் என்று வந்தது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆழம். வைரம் கேட்பது அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஒரே ஊர் மணிகளின் வயிற்றிலிருந்து இப்படி ஒத்துப்போகாத இரண்டு சாட்சி வந்தால், இரண்டில் ஒன்று வேறு எங்கிருந்தோ வந்தது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மேசையில் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியை எந்தக் கட்டுரையிலும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக ஒட்டி, மேலே எபாக்சி பிசின் ஊற்றி, சின்ன வில்லையாக இறுக விடுவார்கள். பிறகு வில்லையைத் தேய்த்து, ஒவ்வொரு மணியும் பாதி வெட்டுண்டு நடுப்பகுதி தெரியும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தேய்த்த பரப்பில் கீறல் இருந்தால் அயனிக் கற்றை வைத்து அளக்க முடியாது, ஆகவே மெருகேற்ற வேண்டும். மெருகுக்கு உலகம் முழுக்க வழக்கமாகப் பயன்படுவது வைரப் பசை: சில மைக்ரான் அளவுள்ள செயற்கை வைரத்தூள், முதலில் பெரிய தூள், அப்புறம் சின்னது, கடைசியில் அதனினும் சின்னது. துணித் தட்டில் தடவி, சுழலவிட்டு, வில்லையை அழுத்திப் பிடிப்பார்கள்.

இப்போது மணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். 400 கோடி ஆண்டு யுரேனியம் உள்ளிருந்தே கதிர் அடித்து அதன் படிக அமைப்பைச் சிதைத்திருக்கிறது, மணி சில இடங்களில் உப்பி விரிசல் விட்டிருக்கிறது. நடுவில் ஆற்றில் உருண்டது, மலையாக்கத்தில் நசுங்கியது. விரிசல் இல்லாத பழைய சிர்கான் அபூர்வம். அழுத்தித் தேய்க்கும்போது வைரத்துகள் உடைந்து அந்த விரிசலுக்குள் போய் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது. அதன்பின் எவ்வளவு கழுவினாலும், மீயொலித் தொட்டியில் போட்டாலும், இறுகியது வராது. மேலிருந்து நுண்ணோக்கியில் பார்த்தால் மணிக்குள் ஒரு புள்ளி, ராமன் போட்டால் வைரம். இரண்டும் பொய் இல்லை.

2014

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் இருந்த லாரிசா டொப்ரிஷினெட்ஸ்காயா, ஹாரி கிரீன், பாட்ஸ்டாமைச் சேர்ந்த ரிச்சர்ட் விர்த் ஆகிய மூவரும் இதில் இறங்கினார்கள். டொப்ரிஷினெட்ஸ்காயா உருமாறிய பாறைகளின் நுண்வைரங்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்தவர், நிஜ வைர உட்பொதிவைச் சுற்றி என்னென்ன இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கமானவர். விர்த், அயனிக் கற்றையால் கனிமத்தில் காகிதத்தைவிடப் பலமடங்கு மெல்லிய தகடு செதுக்கி எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைக் கனிமவியலுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். இந்தக் கூட்டணிதான் காரியத்தைச் சாதித்தது என்பது என் எண்ணம், ஏனென்றால் வேண்டியிருந்தது வைரம் என்று மறுபடி உறுதிப்படுத்தும் கருவி அல்ல, வைரத்துக்கும் சிர்கானுக்கும் நடுவில் உள்ள எல்லையைக் காட்டும் கருவி.

அவர்கள் செய்தது இரண்டு வேலை. ஜாக் ஹில்ஸ் பாறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளை எடுத்து, வைரப் பசையே தொடாமல் தயார்செய்து பார்த்தார்கள். ஒன்றில்கூட வைரம் இல்லை. அடுத்து 2007 கட்டுரையின் மாதிரிகளையே கேட்டு வாங்கினார்கள், அந்தக் குழுவும் கொடுத்தது. வைரம் இருந்த இடத்தில் தகடு செதுக்கிப் பார்த்தபோது, வைரத்துணுக்கு சிர்கான் படிகத்துக்குள் மூடப்பட்டு இருக்கவில்லை, விரிசலுக்குள் இருந்தது. பக்கத்திலேயே எபாக்சி பிசின். 400 கோடி ஆண்டுக்கு முன் பிசின் வில்லை கிடையாது, ஆகவே அந்த விரிசல் ஆய்வகக் காலத்தில் திறந்துதான் இருந்தது. முடிவு எர்த் அண்ட் பிளானெட்டரி சயின்ஸ் லெட்டர்ஸ் இதழில் வந்தது, தலைப்பிலேயே மாசு என்று சொல்லி.

தங்கள் பெயருக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் மாதிரியைக் கொடுத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். மாதிரி அலமாரியில் பூட்டிக் கிடந்திருந்தால் இந்த வைரங்கள் இன்னும் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும். புது மணிகளில் வைரம் இல்லை என்று மட்டும் காட்டியிருந்தால், உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று பதில் வந்திருக்கும்.

மஸ்கோவைட்டும் தப்பவில்லை

வைரத்தை நீக்கிவிட்டால் மற்ற சாட்சிகள் சுத்தம் என்று நினைக்கத் தோன்றும். 2011-இலேயே பிர்கர் ராஸ்முசன் குழு அதையும் அசைத்திருந்தது. சிர்கான் மணிகளுக்குள் இருந்த மோனசைட், ஸினோடைம் என்ற கனிமத் துகள்களிலும் யுரேனியம் உண்டு, அவற்றையே தனியாக வயது பார்க்கலாம். பார்த்தபோது வந்தது 268 கோடி அல்லது 80 கோடி ஆண்டு. தாய் மணியோ 300, 400 கோடிக்காரர்! உள்ளே இருப்பதுதான் மூத்தது என்ற விதி தலைகீழாக நிற்கிறது. பாறை உருமாறியபோது விரிசல் வழியே சூடான திரவம் புகுந்து, பழைய உட்பொதிவைக் கரைத்துவிட்டு அதே குழியில் புதியதை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. குவார்ட்ஸ், மஸ்கோவைட்டில் பெரும்பகுதியும் அப்படி வந்ததுதான் என்று அவர்கள் வாதிட்டார்கள். இங்கே மனிதர் கை இல்லை, இயற்கையே இடம் மாற்றி வைத்திருக்கிறது. வைரப் பசையைக் கண்டுபிடிப்பதைவிட இது கஷ்டம், ஏனென்றால் பக்கத்தில் பிசின் மாதிரி காட்டிக்கொடுக்கும் பொருள் எதுவும் இருக்காது. எல்லா மஸ்கோவைட்டும் இரண்டாம் தலைமுறை என்பதை ஹாரிசன் தரப்பு ஏற்கவில்லை. விரிசலே தொடாத இடத்தில் இருப்பதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் போதும் என்பது அவர்கள் வாதம்; எனக்கு அது நியாயமாகப் படுகிறது, ஆனால் அப்படிப் பிரித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒரே ஒரு மணி

அந்தத் தரப்பிலிருந்தே 2015-இல் எலிசபெத் பெல் குழுவின் கிராஃபைட் கட்டுரை வந்தது. 10,000-க்கும் மேற்பட்ட ஜாக் ஹில்ஸ் மணிகளில் கறுப்புப் புள்ளி உள்ளவை 656. அதில் 79 மணிகளை ராமனில் பார்த்தார்கள். 380 கோடி ஆண்டைத் தாண்டிய வயதில், நம்பத்தகுந்த கிராஃபைட் இருந்தது ஒன்றே ஒன்றில். அதன் வயது 410 கோடி. வைர விவகாரத்துக்கு அடுத்த ஆண்டு வந்த கட்டுரை இது, எதைத் தடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எக்ஸ்ரே நுண்ணோக்கியில் மணியைச் சுற்றிப் படம் எடுத்து, கிராஃபைட் துணுக்குகளுக்குப் போகிற விரிசல் எதுவும் இல்லை என்று காட்டினார்கள். அதன் கார்பன் ஐசோடோப்பு ஆயிரத்துக்கு −24, பிழை எல்லை 5. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களின் கார்பன் விழும் அளவு அது. அதுவரை காட்டப்பட்ட உயிர்த் தடத்தைவிட 30 கோடி ஆண்டு பழையது என்பதால் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. கட்டுரைத் தலைப்பில் குழுவினர் 'இருக்கக்கூடும்' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எப்போது உள்ளே போனது என்ற கேள்விக்கு இந்த மணி நல்ல பதில் வைத்திருக்கிறது. எப்படி உண்டானது என்ற கேள்வி மிச்சம். அதை எடுத்துக்கொண்டவர்களில் முதல் பெயர் மென்னெக்கன், வைரக் கட்டுரைக்காரரேதான். 2017-இல் அவர் குழு அதே ஊர் மணிகளுக்குள், 336 முதல் 413 கோடி ஆண்டு வரை வயதுள்ளவற்றில், கார்பன் டை ஆக்சைடு அடைபட்ட குழிகளைக் கண்டது. இந்த முறை முழுசாக மூடப்பட்டவை என்று பார்த்துத்தான் எடுத்தார்கள், ஒன்றை மின்னணு நுண்ணோக்கியிலும் வைத்தார்கள். குழியின் உட்சுவரில் கார்பன் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது, மீதி இடம் வாயு இருந்த இடம். வாயுவின் அடர்த்தியிலிருந்து வந்த அழுத்தம் குறைந்தபட்சம் 5 முதல் 7 கிலோபார், மறுபடி மேலோட்டின் நடுப்பகுதிதான், வைரம் விளையும் ஆழம் இல்லை. கார்பன் அந்த வாயுவிலிருந்து பிரிந்து படிந்ததாகத் தெரிகிறது, ஆகவே உயிர் மூலம் என்ற விளக்கம் இதற்கு ஒத்துவரவில்லை என்று எழுதினார்கள். பெல்லின் அந்த ஒரு மணியிலும் இப்படித்தான் நடந்ததா என்பதைத் தீர்க்க, விரிசலில்லாத இன்னும் சில மணிகளிலாவது கிராஃபைட் கிடைத்து, அவற்றைச் செதுக்கிப் பார்க்க வேண்டும்.